காசிமேட்டில் ஒரு கொலை: முதல் துப்பறியும் கதை எழுத வருகிறவர்களுக்கு

வடசென்னையை வைத்துக் கொலைக்கதை எழுத உட்காருகிறவர்கள் பலரும் முதல் பக்கத்திலேயே அரிவாளை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு கோஷ்டி, ஒரு பழைய பகை, ஒரு தெருமுனை. கொன்றது யார் என்று ஊருக்கே தெரியும். துப்பறிய அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? அதோடு, லட்சக்கணக்கான பேர் காலையில் எழுந்து வேலைக்குப் போய் வருகிற ஒரு பகுதியை ரவுடிகளின் கூடாரமாகவே காட்டுவது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

ராயபுரம், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தப் பக்கம் முழுக்க மணிக்கணக்குப்படி ஓடுகிற வாழ்க்கை. லாஞ்சு என்கிற விசைப்படகு கரை சேருகிற நேரம், ஏலம் தொடங்குகிற நேரம், ஷிப்டு மாறுகிற நேரம், தண்ணி லாரி வருகிற நேரம், கூட்ஸ் வண்டிக்காக கேட் மூடுகிற நேரம். துப்பறியும் கதைக்கு உயிரே நேரம்தான். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்ற ஒரே கேள்வியில்தான் பாதிக் கதை நிற்கிறது. அந்தச் சரக்கு இங்கே தெருவிலேயே கிடக்கிறது. அதை எடுத்து எப்படிக் கதையாகக் கட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: செத்தவரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் துப்பறிகிறவரில் ஆரம்பிப்பார்கள். தொப்பி, சிகரெட், புத்திசாலி உதவியாளர் என்று யோசனை ஓடும். அதைத் தள்ளி வையுங்கள். செத்தவர் என்ன வேலை செய்தார், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது, யாருடைய ரகசியம் அவரிடம் இருந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கொலைக்கான காரணம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

நம் கதையில் செத்தவர் பெயர் தேசிங்கு. வயது ஐம்பதைத் தொடுகிறது. லாஞ்சு எஞ்சின் மெக்கானிக். ஒரு லாஞ்சுக்கு இரண்டு பேர் பங்கு முதலாளிகள். அதில் ஒருவரான இளங்கோ, புது எஞ்சின் போட்டதாகக் கூட்டாளியிடம் கணக்குக் காட்டிவிட்டு பழைய எஞ்சினைப் பூசி மெழுகி மாட்டியிருக்கிறார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்த தேசிங்குக்கு அது தெரிந்துவிட்டது. கூட்டாளியிடம் சொல்லப்போகிறேன் என்று இளங்கோவிடமே சொல்லிவிட்டார். நேர்மையான மனுஷன், அதனால்தான் முதலில் எதிராளியிடம் சொன்னார். இந்தக் கொலையில் கோஷ்டியும் இல்லை, அரிவாளும் இல்லை. பணமும் மானமும் போகுமே என்ற பயம் மட்டும்தான்.

படி 2: ஆண்டையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. செய்தால் பாதிக் கதை தானாக அமையும்.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்பதால் இந்தத் தடை. 2017க்கு முன்னால் இதுவே 45 நாள்தான். ஆகவே 2010இல் நடக்கிற கதையில் ஜூன் முதல் வாரம் லாஞ்சு கடலில் இருக்கலாம், இன்றைய கதையில் இருக்க முடியாது. சின்ன மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள் தடைக்காலத்திலும் போய்வரும். லாஞ்சுகளெல்லாம் ஓய்வில் நிற்கும். பெயின்ட் அடிப்பது, எஞ்சின் பிரிப்பது, வலை செப்பனிடுவது எல்லாம் அப்போதுதான். கையில் காசு புரளாத மாதங்கள் என்பதால் கடன், கோபம், பழைய கணக்கு எல்லாம் மேலே வருகிற காலமும் அதுவே. எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பருவம் வாய்க்காது.

மற்ற ஆண்டுகளுக்கும் இப்படித்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரியில். அதற்கு முன் நடக்கிற கதையில் பாத்திரத்தை மெட்ரோவில் ஏற்றிவிடாதீர்கள். அதற்குப் பின் நடக்கிற கதையில், மெட்ரோவில் போனவன் கேமராவில் பதிவாகியிருப்பான் என்பதை மறக்காதீர்கள். பின்னி மில் 1996இல் மூடியது. மில்லில் வேலை பார்க்கிற பாத்திரம் வேண்டுமானால் அதற்கு முன்னால் போக வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது 2023 டிசம்பரில். அந்த மாதத்தில் முகத்துவாரத்தில் ஓர் உடலைப் போட்டால் சட்டையில் எண்ணெய் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே ஒரு துப்பு.

நம் கதை மே மாதம், தடைக்காலத்தின் நடுவில்.

படி 3: இடத்தைச் சுருக்குங்கள், நேரில் போங்கள்

வடசென்னை முழுவதையும் ஒரு கதையில் அடைக்க முயலாதீர்கள். ஒரு துறைமுகச் சந்து, ஒரு ஹவுஸிங் போர்டு பிளாக், எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். சந்தேகப்படும்படி ஐந்தாறு பேர் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் தினமும் பார்க்கிறவர்களாக இருக்க வேண்டும்.

காசிமேட்டை எடுத்துக்கொண்டால், விடியலுக்கு வெகு முன்னால் ஏலம் நடக்கிற நேரத்தில் ஒருமுறையும், வெயில் ஏறின பிறகு ஒருமுறையும் போங்கள். இரண்டும் வெவ்வேறு ஊர் மாதிரி இருக்கும். முதல் நேரத்தில் யாருக்கும் உங்களிடம் பேசப் பொழுதிருக்காது. கூடை தலைக்கு மேல் போகும், தரை முழுக்க ஐஸ் தண்ணி, ஏலம் விடுகிறவர் குரல் தவிர வேறு எதுவும் காதில் விழாது. ஓரமாக நின்று மணியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது விளக்கு எரிகிறது, டீக்கடை எப்போது திறக்கிறது, மினி வண்டிகள் எப்போது கிளம்புகின்றன. வெயில் நேரத்தில் மீன் வெட்டுகிற அக்காக்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். அரை கிலோ சங்கராவோ நெத்திலியோ வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். கதை எழுதத்தான் கேட்கிறேன் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேராக போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை பக்கம் ரயில்வே கேட்டில் மாட்டியவர்களுக்குத் தெரியும், கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் போகுமென்று. "பத்து நிமிஷத்துல வூட்டுக்கு வந்துட்டேன்" என்று ஒருவன் சொல்வதை ஒரு மூடின கேட் பொய்யாக்கிவிடும். இப்படிப்பட்ட விவரங்களை வீட்டில் உட்கார்ந்து யோசித்து எடுக்க முடியாது.

படி 4: உடல் என்ன சொல்லும்

இந்தப் படியில்தான் கதை நிற்பதும் விழுவதும், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒருவர் இறந்த பிறகு உடலில் மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. உடம்பின் சூடு இறங்கி, சுற்றியிருக்கிற காற்றின் அளவுக்கு வந்து நிற்கும். தசைகள் விறைக்கும். நம் வெயிலில் இறந்த சில மணி நேரத்திலேயே விறைப்பு தொடங்கி, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, அடுத்த நாள் தளர்ந்துவிடும். மூன்றாவது, ஓட்டம் நின்ற ரத்தம் உடலின் தாழ்வான பக்கத்தில் இறங்கி ஊதா நிறத் திட்டாகத் தெரியும். ஆறேழு மணி நேரத்துக்குப் பிறகு அந்தத் திட்டு அங்கேயே நிலைத்துவிடும். அதற்கப்புறம் உடலைப் புரட்டிப் போட்டாலும் அது இடம் மாறாது.

இந்த நேரக்கணக்கை ஏமாற்ற ஒரு பொருள் போதும். காசிமேட்டில் அது டன் கணக்கில் கிடைக்கிறது. ஐஸ். குளிரில் வைத்த உடலில் விறைப்பு தாமதமாக வரும், நெடுநேரம் நிற்கும்.

இளங்கோ சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தேசிங்கைக் கொல்கிறார். ஓய்வில் நிற்கிற தன் லாஞ்சில், மீன் கொட்டிவைக்கிற அடி அறையில், உடலை மல்லாக்கப் போட்டு ஐஸை நிரப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அங்கே நள்ளிரவு வரை ஐந்நூறு பேர் கண்ணில் படும்படி இருக்கிறார். திரும்பி வந்து திங்கள் விடியற்காலை மூன்று மணிக்கு உடலை எடுத்து, வலை காயப்போடுகிற இடத்தில் குப்புறப் போட்டுவிடுகிறார். காலையில் பார்க்கிறவர்களுக்கு உடல் முழுக்க விறைத்திருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சாவு ஞாயிறு ராத்திரி. அப்போது இளங்கோ செங்கல்பட்டில் இருந்தார்.

இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. தடைக்காலத்தில் நிற்கிற லாஞ்சுக்கு எதற்கு முழு ஐஸ் பார்கள்? ஐஸ் கம்பெனி ஆளுக்கு அது நினைவிருக்கும். குப்புறக் கிடந்த உடலில் ரத்தத் திட்டு முதுகில் ஏன் இருக்கிறது? மூன்றாவது ஓட்டை எனக்கு மிகவும் பிடித்தது. மே மாதச் சென்னையில் எந்த உடலும் காற்றைவிடக் குளிர்ந்து போகாது. ஆனால் ஆறு மணிக்கு அந்த உடலைத் தொட்ட ஒருவருடைய கை சில்லிட்டது.

போலீஸ் வந்து, எழுதி முடித்து, உடல் மார்ச்சுவரிக்குப் போய் அங்கே குளிர்பெட்டியில் வைக்கப்பட்டதும் இந்தக் கடைசித் துப்பு அழிந்துவிடும். அங்கே எல்லா உடலும் சில்லென்றுதான் இருக்கும். ஆக, அது ஒரே ஒரு ஆளின் உள்ளங்கையில் மட்டும் இருக்கிற சாட்சி. அந்த ஆள்தான் துப்பறியப் போகிறார்.

படி 5: கேள்வி கேட்கிற ஆள்

தனியார் துப்பறிவாளர் வேண்டாம். காசிமேட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கேயே இருப்பவர், எல்லோரிடமும் பேச உரிமை உள்ளவர், வேலையின் வழியாக ஒரு தனி அறிவு வாய்த்தவர் என்று தேடுங்கள். கேரம் கிளப்பில் போர்டு துடைக்கிற பையனாக இருக்கலாம், ஸ்டான்லியில் இரவு ஷிப்டு பார்க்கிற நர்ஸாக இருக்கலாம், ரேஷன் கடை எடை போடுகிறவராக இருக்கலாம். நீங்கள் செய்கிற வேலையிலேயே அப்படி ஓர் அறிவு இருந்தால் அதையே கொடுத்துவிடுங்கள். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கையில் பழகியது எழுத்தில் நன்றாக நிற்கும்.

நம் கதைக்குக் கன்னியம்மா, வயது 62, மீன் வெட்டுகிறவர். நாற்பது வருஷமாக ஐஸில் வைத்த மீனையும் வைக்காத மீனையும் விரலால் தொட்டே சொல்கிறவர். தேசிங்கின் கன்னத்தைத் தொட்டு அழுதபோது அவர் கைக்கு ஏதோ உறுத்தியது. அது என்ன என்று அவருக்கே புரிய இரண்டு நாள் ஆகிறது.

படி 6: சட்டத்தைச் சரியாக எழுதுங்கள்

இன்னும் பலர் "302" என்று எழுதுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கொலைக்குத் தண்டனை அதில் 103ஆம் பிரிவு. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த கொலை என்றால் 302 சரிதான். காரணம் தெரியாத சாவில் முதலில் போடுகிற விசாரணை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194.

கதைக்கு உதவுகிற இன்னும் சில. போலீசிடம் ஒருவன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் அவனுக்கு எதிராகச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பொருளுக்கு இட்டுச்சென்ற அளவுக்கு அந்தப் பேச்சு செல்லும். ஆகவே கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் குற்றவாளி கண்ணீர் விட்டு ஒப்புக்கொள்வதோடு கதையை முடிக்காதீர்கள், கூடவே ஒரு பொருள் கிடைக்கட்டும். பெண்களையும் 60 வயதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும். கன்னியம்மா வீட்டுத் திண்ணையில் எஸ்.ஐ. வந்து உட்கார்ந்து டீ குடிக்கிற காட்சிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. தண்டவாளத்தில் கிடக்கிற உடல் ரயில்வே போலீசின் பொறுப்பு, நாலு அடி தள்ளி ரோட்டில் கிடந்தால் உள்ளூர் ஸ்டேஷன். கதையில் யாராவது ஓர் உடலை நாலு அடி இழுத்துப் போட இதுவே காரணமாகலாம்.

நிஜ ஸ்டேஷன், நிஜ அதிகாரி, நிஜ வழக்கு எதையும் பெயரோடு இழுக்காதீர்கள். தெருவின் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள். பகுதியின் பெயர் நிஜமாக இருந்தால் போதும்.

படி 7: துப்புகளைத் தூவுவது

ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அதில் இரண்டு இன்றைக்கும் அசையாதவை: குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிகிறவர் கண்டுபிடிக்கிற துப்பு உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். கடைசிப் பக்கத்தில் எங்கிருந்தோ வந்த சித்தப்பா கொலைகாரன் என்றால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார், அது நியாயம்.

காட்ட வேண்டும், ஆனால் உறைக்கக்கூடாது. துப்பை ஓர் உணர்ச்சிக்குள் வைத்துவிட்டால் போதும். முதல் அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி:

"யப்பா தேசிங்கு, இன்னாடா இப்டி குந்தவெச்சிட்டுப் பூட்டியேடா..." கன்னியம்மா அவன் கன்னத்தைப் பிடித்தாள். கை சில்லிட்டுப் போனது. யாரோ அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

படிக்கிறவர் அதை அதிர்ச்சி என்று நினைத்துத் தாண்டிப் போவார். பத்தாவது அத்தியாயத்தில் அதே வரியைத் திரும்பிப் போய்ப் பார்ப்பார். ஐஸ் விஷயத்தையும் அப்படியே செய்யுங்கள். "தடைக்காலத்துல கூட ஐஸ் தட்டுப்பாடாண்ணா?" என்று ஒரு ஃபைபர்காரர் சலித்துக்கொள்வது போதும். இளங்கோவையும் முதல் அத்தியாயத்திலேயே கொண்டுவாருங்கள், நல்லவராக. இறுதிச் சடங்குக்குப் பணம் கொடுக்கிறவராக இருக்கட்டும்.

எழுதும் முன் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மணி, மேலே ஆட்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் நிஜமாக எங்கே இருந்தார், எங்கே இருந்ததாகச் சொல்கிறார் என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டும் மாறுகிற கட்டங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். குற்றவாளி தவிர இன்னும் இரண்டு பேருக்காவது சிவப்பு வட்டம் இருக்க வேண்டும், வேறு காரணத்துக்காக. ஒருவர் ரகசியமாக நகையை அடகு வைக்கப் போயிருக்கலாம். அவர் பொய் சொல்வது வெட்கத்தால்.

படி 8: எழுதுவது

முதல் கதையை நாவலாக நினைக்காதீர்கள். மூவாயிரம் வார்த்தைச் சிறுகதையாக முடியுங்கள். முடித்த பிறகு மாத நாவல் அளவுக்கு விரிக்கலாம். பின்னாலிருந்து யோசியுங்கள், முன்னாலிருந்து எழுதுங்கள்.

பேச்சு வழக்கில் கவனம் வேண்டும். எல்லோரும் "இன்னாபா" என்று பேச மாட்டார்கள். காலேஜ் போகிற பேத்தியின் பேச்சு வேறு, சௌகார்பேட்டையிலிருந்து வருகிற வியாபாரியின் தமிழ் வேறு, தெலுங்கு பேசுகிற குடும்பத்தின் தமிழ் வேறு, ஸ்டேஷன் ரைட்டர் எழுதுகிற தமிழ் முற்றிலும் வேறு. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று அடையாளச் சொற்கள் போதும். எழுதிய உரையாடலை அந்தப் பகுதிக்காரர் ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற இடத்தில் மாற்றுங்கள்.

கொலையை நீளமாக வர்ணிக்காதீர்கள். தேசிங்கின் பெண்சாதி அடுத்த நாள் காலையில் என்ன செய்தாள் என்பதற்கு அந்த இடத்தைக் கொடுங்கள்.

கொலை வேண்டாம் என்பவர்களுக்கு

காதல் கதைக்கும் இதே கட்டம் போடும் முறை உதவும். எத்தனை மணிக்கு எங்கே சந்திக்க முடியும், யார் கண்ணில் படாமல் என்பதுதான் அங்கே சிக்கல். தடையை வில்லனிடம் கொடுக்காமல் அந்த இருவருக்குள்ளேயே வையுங்கள்: ஒருவருக்கு இந்த ஊரை விட்டுப் போக வேண்டும், மற்றவருக்கு இங்கேயே இருக்க வேண்டும். மாயக்கதை என்றால் அதிசயத்துக்கு ஒரு விலை வையுங்கள். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தில் அந்தக் காலத்து வண்டி ஒன்று இன்றும் வருகிறது என்றால், அதில் ஏறுகிறவர் எதை இழக்கிறார் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அந்த விதியைக் கதை நடுவில் மாற்றக்கூடாது.

படி 9: யாரிடம் கொடுப்பது

முதல் பிரதியை இரண்டு பேர் படிக்கட்டும். ஒருவர் நிறையக் க்ரைம் நாவல் படிக்கிறவர், அவர் எந்த அத்தியாயத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார் என்று மட்டும் கேளுங்கள். பாதிக்கு முன்னால் என்றால் துப்புகள் உறைக்கின்றன. கடைசி வரை பிடிபடவில்லை, ஆனாலும் ஏமாற்றிவிட்டீர்கள் என்று கோபப்படுகிறார் என்றால் ஒரு துப்பு விட்டுப்போயிருக்கிறது. இன்னொருவர் அந்த வேலையைத் தெரிந்தவர்: ஐஸ், எஞ்சின், ஏலம். அவர் சொல்கிற திருத்தத்தை வாதாடாமல் செய்யுங்கள்.

அதன் பிறகு வார, மாத இதழ்களின் சிறுகதைப் பக்கத்துக்கு அனுப்பலாம். அனுப்பும் முன் அந்த இதழின் கடைசி நாலு கதைகளைப் படித்து நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக்கூடாது. பிரதிலிபி மாதிரித் தளங்களில் தொடராகப் போடலாம், ஆனால் துப்பறியும் கதையை முழுக்க எழுதி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தை ஏற்றுங்கள். பாதியில் நேரக்கணக்கு இடித்தால், வெளியான அத்தியாயத்தைத் திருத்துவது படிக்கிறவர்களுக்குச் செய்கிற துரோகம். அச்சில் வந்தால் ஒரு பிரதியை, நீங்கள் கேள்வி கேட்ட மீன் வெட்டுகிற அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.